சொந்தக் கூரை – 14: ‘தொழில்’ என்று கேட்ட இடத்தில்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே குறுகலான ஒழுங்கைக்குள் இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்த கொன்ஸ்ரன்ஸ், நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்து ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரியாகப் போகிறாள். போன கிழமையே அதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். மூன்றரைப் பேர்ச் காணி. இரண்டு அறை, சின்ன ஹோல், பின்னால் சமையலுக்கென்றே விட்டுவைத்ததுபோல நீளமான முற்றம். வீட்டுக்காரி பலீலா சனிக்கிழமை விமானம் ஏறி டோஹாவில் இருக்கும் மகளிடம் போகிறார். நாளை உறுதி எழுதாவிட்டால் வீட்டை விற்கிற பொறுப்பு அவருடைய தம்பிக்குப் போய்விடும். அந்தத் தம்பியிடம் வேறொருவர் ஏற்கெனவே வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

வங்கி கடனுக்குச் சம்மதித்துவிட்டது. ஒரேயொரு கடதாசிதான் பாக்கி. வீட்டுக்குக் காப்புறுதி செய்தாகிவிட்டது என்ற கடிதம். வியாழக்கிழமை மூன்று மணிக்குள் அது வங்கிக்கு வந்தால்தான் காசோலை.

இன்றைக்கு வியாழக்கிழமை.

காலை ஏழரைக்கு ஹாஷிம் வந்தபோது கொன்ஸ்ரன்ஸ் அகப்பையும் கையுமாக நின்றாள். வியாழன் என்றால் கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, பப்படம். நூற்று முப்பது பார்சல். பதினொன்றரைக்குள் துறைமுகப் பக்கத்துக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குப் போயாக வேண்டும். மேசையில் சோற்றுப் பார்சல் கட்டுகிற லன்ச் சீற்றுகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார் கணவர் செபஸ்தியன். மகள் றஷ்மி வெள்ளவத்தையிலிருந்து விடியக்காலையிலேயே வந்து, சோற்றை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அனுஜனைக் கட்டி வெள்ளவத்தைக்குப் போனவள். அம்மாவின் அலுவலுக்காக இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள்.

ஹாஷிம் காப்புறுதிக் கொம்பனியின் ஏஜன்ட். அதே தெருவில் வளர்ந்த பிள்ளை. ஃபைலைத் திறந்து மேசையின் ஓரத்தில் வைத்தான்.

“அன்ரி, எல்லாம் நானே நிரப்பிட்டன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கண்டா சரி. பன்னண்டு மணிக்கு முந்தி பாங்குக்குப் போயிரும்.”

“நல்லது தம்பி. இருங்க, கைய கழுவிக்கொண்டு வாறன்.”

கொன்ஸ்ரன்ஸ் கையைக் கழுவி, துவாயில் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொன்வென்ற்றில் ஓ லெவல் வரை படித்தவள். மெல்ல மெல்லத்தான் ஆங்கிலம் வாசிப்பாள், ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டாள். விரலை வரிக்கு வரி வைத்து இறங்கியவள், நான்காவது வரியில் நின்றாள்.

“இதுல என்னை ஹவுஸ்வைஃப் எண்டு போட்டிருக்கு.”

“அது சும்மா ஒரு இதுக்கு அன்ரி.”

விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. “வீட்டுல ஏதும் வியாபாரம் நடக்குதா எண்டு கேட்டிருக்கு. இல்லை எண்டு போட்டிருக்கிறீங்க.”

ஹாஷிம் செபஸ்தியனைப் பார்த்தான். செபஸ்தியன் லன்ச் சீற்றைப் பார்த்தார்.

“அன்ரி, வியாபாரம் எண்டு போட்டா ஆள் வந்து வீட்டப் பாக்கணும். காஸ் எத்தினி, அடுப்பு எத்தினி, வயரிங் எப்பிடி, எல்லாம் பாத்து ரிப்போர்ட் எழுதணும். சும்மா மூணு நாலு நாள் போயிரும். நமக்கு மூணு மணிக்குள்ள கடிதம் வேணும். அங்கிள் கிட்ட நேத்தே சொன்ன நான். அங்கிளும் சரி எண்டார்.”

“அப்ப உங்களுக்கும் தெரியும்?” கொன்ஸ்ரன்ஸ் கணவர் பக்கம் திரும்பினாள்.

“கொன்ஸி, ஒரு கடதாசிக்காக வீட்டை விடுறதா?” செபஸ்தியன் தணிந்த குரலில் சொன்னார். “எல்லாரும் இப்பிடித்தான் எழுதுகினம். கையெழுத்தைப் போடும். மற்றதைப் பிறகு பாப்பம்.”

“தம்பி, நாளைக்கு அந்த வீட்டுல அடுப்பால நெருப்புப் பிடிச்சுதெண்டு வைப்பம். கொம்பனி காசு தருமா?”

“அல்லாஹ் காக்கணும் அன்ரி.”

“அவர் காப்பார். கொம்பனி தருமா?”

படிவத்தின் பின்பக்கத்தைப் புரட்டி, சின்ன எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்த றஷ்மிதான் பதில் சொன்னாள். “தராது அம்மா. பிழையான தகவல் தந்திருந்தா பொலிசி செல்லாது எண்டு இங்கயே இருக்கு. அதோட, நீங்க வியாபாரப் பதிவைக் காட்டித்தான் பாங்கில லோன் எடுத்தது. அங்க வியாபாரம், இங்க ஹவுஸ்வைஃப். ரெண்டு கடதாசியும் ஒரே ஃபைலுக்குள்ளதான் போகப்போகுது.”

அது எல்லாம் சரி. ஆனால் கொன்ஸ்ரன்ஸின் மனதில் ஓடியது வேறு.

பதினைந்து வருடத்துக்கு முன் செபஸ்தியன் துறைமுகத்தில் கிரேன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, எட்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். முதல் மாதம் சமாளித்தார்கள். இரண்டாம் மாதம் அவள் பத்துப் பார்சல் கட்டி, ஒரு கூடையில் வைத்துத் துறைமுக வாசலுக்குக் கொண்டுபோனாள். பத்தும் விற்றது. மறுநாள் பதினைந்து. செபஸ்தியன் எழும்பி நடக்கத் தொடங்கியபோது அவளுக்கு அறுபது வாடிக்கை சேர்ந்திருந்தது. றஷ்மியின் பள்ளிக்கூடக் கட்டணமும், ரியூஷனும், கல்யாணத்துக்குச் செய்த நகையும் அந்த அடுப்பிலிருந்துதான் வந்தன. ஆனாலும் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்று கேட்ட இடத்தில் ‘வீட்டு வேலை’ என்றே எழுதினார்கள். எழுதச் சொன்னதும் அவள்தான். மகளின் கல்யாணப் பதிவிலும் அப்படித்தான். சோறு விற்கிறவள் என்று எழுத அப்போது கூசியது.

பேனையை எடுத்தாள். ‘ஹவுஸ்வைஃப்’ என்ற சொல்லின் நடுவால் ஒரு கோடு கிழித்தாள்.

“அன்ரி!” என்றான் ஹாஷிம்.

“வேற ஒரு ஃபோம் தாங்க தம்பி. வீட்ட வந்து பாக்கிற ஆள் எங்க இருக்கிறார்?”

“வெள்ளவத்தை பிராஞ்சில. மர்லியா மிஸ் எண்டு, இன்ஜினியர். ஆனா அவங்கள ஒரு நாளில புடிக்கேலாது அன்ரி. வரிசையில இரிக்காங்க ஆக்கள்.”

“நான் போய்க் கேக்கிறன்.”

செபஸ்தியன் எழும்பினார். “மணி எட்டாகுது. நூற்று முப்பது பார்சல் இருக்கு. நீர் வெள்ளவத்தைக்குப் போனா இதை ஆர் கட்டுறது?”

“நீங்க கட்டுங்க. கோழி ரெண்டு துண்டு. மோஜு கூட வைக்காதேங்க, எண்ணெய் ஒழுகும்.”

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சேலை மாற்ற உள்ளே போய்விட்டாள்.

*

தெருமுனையில் த்ரீவீல்காரன், “கொஹெத நோனா?” என்று, எங்கே போகவேண்டும் எனச் சிங்களத்தில் கேட்டான்.

“வெள்ளவத்தே, மல்லி. இக்மனட்ட.”

சீக்கிரம் என்று சொன்னதற்காக அவன் கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் கண்டபடி வெட்டி ஓட்டினான். பம்பலப்பிட்டி தாண்டி வாகனம் ஊரத் தொடங்கியது. கூட வந்த றஷ்மி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அவங்க மாட்டன் எண்டு சொன்னா?”

“சொன்னா, உண்மையைச் சொல்லி வீட்டை விட்டன் எண்டு இருப்பன். பொய் சொல்லி வீட்டுக்குள்ள போய், ஒவ்வொரு நாளும் அடுப்புப் பத்தவைக்கேக்க நெஞ்சு இடிக்க ஏலாது பிள்ளை. எனக்கு ஐம்பத்து நாலு வயசு.”

காலி வீதியில் புடைவைக் கடைகளுக்கு நடுவே மாடியில் இருந்தது கந்தோர். ஏஸி குளிர். மர்லியாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சாம்பல் நிற ஹிஜாப், மேசையில் ஃபைல்கள், நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெற். வெட்டப்பட்ட சொல்லோடு அந்தப் படிவத்தைக் கொன்ஸ்ரன்ஸ் அவள் முன்னால் வைத்தாள்.

மர்லியா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “இத யாரு வெட்டினது?”

“நான்தான் மிஸ்.”

“ஏன்?”

“நான் சமையல் செய்து விக்கிறவள். ஒரு நாளைக்கு நூற்று முப்பது பார்சல். அந்த வீட்டுலயும் அதைத்தான் செய்யப்போறன். அதைச் சொல்லாமல் காப்புறுதி எடுத்து என்ன பிரயோசனம்?”

“சரிதான். ஆனா மூணு வேலை நாள் போகும் மிஸிஸ் செபஸ்தியன். இண்டைக்கு எனக்கு வேற ரெண்டு இடம் இரிக்கி.”

கொன்ஸ்ரன்ஸ் அழவில்லை, கெஞ்சவுமில்லை. “மிஸ், நான் எதையும் மறைக்க வரேல்ல. மறைக்கிறதெண்டா இந்நேரம் கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டில நிண்டிருப்பன். இண்டைக்கு மூண்டு மணி தாண்டினா வீடு எனக்கு இல்லை. நீங்க எப்ப வந்தாலும் சரி, என்ர அடுப்படியை வந்து பாருங்க. பிழை எண்டா பிழை எண்டு எழுதுங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

மர்லியா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். தெமட்டகொடையில் ஒரு ஸ்ரோர்ஸ், பிறகு சாப்பாட்டு இடைவேளை, பின்னேரம் இன்னோர் இடம்.

“தெமட்டகொடையில பன்னண்டரைக்கு முடியும். அங்கயிருந்து கொட்டாஞ்சேன கிட்டத்தானே? என்ட லன்ச் டைமில வாரன். ஆனா ஒண்டு சொல்றன். பாத்துட்டு, இல்ல எண்டு சொல்லவும் கூடும்.”

“வாங்க மிஸ்.”

*

ஒரு மணிக்கு மர்லியா பலீலாவின் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். பலீலாவே கதவைத் திறந்துவிட்டார். அறைகள் வெறுமையாக இருந்தன. மர்லியா ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள், சுவரைத் தட்டினாள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டாள். பின்பக்கம் மெயின் பெட்டியைத் திறந்ததும் முகம் மாறியது.

“இந்த வயரிங் பழசு.”

மர்லியா இரண்டு படம் எடுத்தாள், ஏதோ குறித்தாள். பிறகு திரும்பினாள்.

“சரி. இப்ப நீங்க சமைக்கிற இடத்தைக் காட்டுங்க. ஆக்கள் புது வீட்டுல எப்பிடி இருப்பாங்கண்டு பழைய வீட்டைப் பாத்தாத்தான் விளங்கும்.”

இதைக் கொன்ஸ்ரன்ஸ் எதிர்பார்க்கவில்லை. காலையில் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த அடுப்படி. நூற்று முப்பது பார்சல் கட்டி முடித்த பிறகு அது எந்தக் கோலத்தில் கிடக்குமோ என்று நினைத்துக்கொண்டே இரண்டு ஒழுங்கையையும் நடந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

செபஸ்தியன் பார்சலெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹாஷிம் சேட்டுக் கையை மடித்துவிட்டு நின்றான். அவனும் இருந்து கட்டியிருக்கிறான் என்பது அவன் கையில் காய்ந்திருந்த பருப்பில் தெரிந்தது.

மர்லியா சுற்றிப் பார்த்தாள். மூன்று காஸ் சிலிண்டரும் அடுப்படிக்கு வெளியே, சுவருக்கு மறுபக்கம், நிழலில் நின்றன. அடுப்புக்கு மேலே வெள்ளைச் சுவரில் கறுப்பு மையால் வரிசையாகத் திகதிகள் எழுதியிருந்தன.

“இதென்ன?”

“காஸ் ரியூப் மாத்தின திகதி மிஸ். வருசத்துக்கு ஒருக்கா மாத்துவன். பக்கத்தில இருக்கிறது ரெகுலேற்றர்.”

“அந்தக் கிண்ணம்?”

“சவுக்காரத் தண்ணி. காலையில அடுப்பு மூட்ட முதல் ரியூப் மூட்டுகள்ல தடவிப் பாப்பன், காஸ் கசிஞ்சு குமிழி வருதா எண்டு. அந்த வருசம் ஊரெல்லாம் காஸ் வெடிச்சுதே, அப்ப தொடங்கினது. இண்டைக்கு வரைக்கும் ஒரு நாளும் விடேல்ல.”

வாசலோரம் சிவப்புத் தீயணைப்புக் குழாய் தொங்கியது. மர்லியா குனிந்து அட்டையைப் பார்த்தாள். திகதி தாண்டியிருக்கவில்லை. நிமிர்ந்தவள் கொன்ஸ்ரன்ஸிடம் கேட்காமல் சட்டென்று செபஸ்தியன் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், எண்ணெய்ச் சட்டியில தீ பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?”

கொன்ஸ்ரன்ஸ் கணவர் பக்கம் திரும்பினாள். காலையில் கையெழுத்தைப் போடு என்று நின்ற மனிதர்.

செபஸ்தியன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். “தண்ணி ஊத்தமாட்டன். முதல் காஸை நிப்பாட்டுவன். அந்தா மூடி, எப்பவும் சட்டிக்குப் பக்கத்திலயேதான் இருக்கும், அதால மூடுவன். அடங்காட்டி அந்த ஈரச் சாக்கு. அதுவும் சரிவராட்டி, சிவப்புக் குழாயை எடுக்கிற நேரத்தில பக்கத்து வீட்டுக்காரரை வெளியில வரச் சொல்லிக் கத்துவன்.” ஒரு கணம் நிறுத்தினார். “இது ஒண்டும் எனக்குத் தெரிஞ்சதில்ல மிஸ். கோயில் மண்டபத்தில தீயணைப்புக்காரர் வகுப்பு வைச்சபோது இவதான் போய்ப் படிச்சிட்டு வந்து எனக்குப் படிப்பிச்சது. பதினைஞ்சு வருசமா இந்த அடுப்புத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இந்தச் சுவரில ஒரு கரி பிடிச்ச இடம் காட்டுங்க பாப்பம்.”

அவர் குரல் கடைசியில் இடறியது. இடறியதை மறைக்க விளக்குமாற்றைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்.

கொன்ஸ்ரன்ஸ் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

மர்லியா மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மணி இரண்டே கால்.

“புது வீட்டு வயரிங்கை முப்பது நாளைக்குள்ள மாத்தி, எலக்ட்ரிஷியன் சேர்ட்டிஃபிகேட் தரணும். அது வரைக்கும் அங்க வியாபாரச் சமையல் இல்ல. இந்த வீட்டுலயே சமையுங்க. சிலிண்டர் அங்கயும் வெளியதான். இதுக்கு ஓம் எண்டா, வீட்டுக்கும் உங்கட சமையல் சாமானுக்கும் சேத்து இப்பவே கவர் நோட் தாரன், பாங்க் கேட்ட கடிதம் அதுதான். கட்டுற காசு கொஞ்சம் கூடும்.”

“ஓம் மிஸ். ஓம்.”

“நான் பத்து வருசமா வீடு பாக்கிறன்,” என்றாள் மர்லியா, விரல் ஓடிக்கொண்டே இருக்க. “ஹோட்டல் கிச்சின் எத்தினியோ பாத்தன். சுவரில திகதி எழுதிவைச்ச ஆளை இண்டைக்குத்தான் கண்டன். இந்தச் சுவரை ஃபோட்டோ எடுக்கலாமா? எங்கட புதுப் பொடியங்களுக்குக் காட்ட.”

கொன்ஸ்ரன்ஸ் தலையாட்டினாள்.

“பெயர்?”

“மேரி கொன்ஸ்ரன்ஸ் செபஸ்தியன்.”

“தொழில்?”

கொன்ஸ்ரன்ஸ் தொண்டையைச் செருமினாள். “சமையல். பகல் சாப்பாடு விநியோகம்.”

“சொந்த வியாபாரம் எண்டு போடுங்க மிஸ்,” என்றார் செபஸ்தியன் பின்னாலிருந்து. “பதிஞ்ச வியாபாரம்.”

மர்லியா சிரித்துக்கொண்டே அப்படியே பதிந்தாள். வீட்டின் அளவு, கூரை, சுவர், கதவுப் பூட்டு என்று கேள்விகள் நீண்டன. பதில்கள் வரிசையாக வந்தன. கடைசிக்கு முந்திய கேள்விக்கு வந்தாள்.

“வீட்டுல நிரந்தரமா இருக்கப்போறது எத்தினி பேர்?”

“ரெண்டு,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “நானும் இவரும்.”

“மூண்டு.”

எல்லோரும் திரும்பினார்கள். றஷ்மி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, கழுவிய நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூண்டு எண்டு போடச் சொல்லுங்க அம்மா.”

செபஸ்தியன் வாயைத் திறந்தார். கொன்ஸ்ரன்ஸ் அவருடைய கையைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“மூண்டு மிஸ்,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “மூண்டு பேர்.”

மர்லியா ஒரு கணம் மட்டும் தாமதித்துவிட்டுப் பதிந்தாள். இரண்டு முப்பத்தெட்டுக்குக் கடிதம் வங்கிக்கு மின்னஞ்சலில் போனது. ஹாஷிம் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, கேட்டு, கையை உயர்த்திக் காட்டினான். “கெடச்சிட்டாம் அன்ரி! நாளைக்கு ஒம்பதரைக்குச் செக்கு ரெடி!”

மர்லியா கிளம்பும்போது கொன்ஸ்ரன்ஸ் ஒரு பார்சலைக் கையில் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வந்தவள் அல்லவா. அதில் மட்டும் கோழி ஒரு துண்டு கூட வைத்திருப்பதாகச் செபஸ்தியன் பெருமையாகச் சொன்னார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “என்ர மனிசியின்ர அடுப்படியை இன்ஜினியர் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போறா,” என்று அவர் உரத்துச் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

பின்முற்றத்தில் றஷ்மி பெரிய சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்த பானை அது. கொன்ஸ்ரன்ஸ் வந்து பக்கத்தில் குந்தினாள்.

“ஒண்டும் கேக்கமாட்டீங்களா அம்மா?”

“கேப்பன். நீ சொல்ல ஆயத்தமா இருக்கேக்க கேப்பன்.” மகளின் முன்கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துவிட்டாள். “இப்ப ஒண்டு மட்டும் சொல்லு. உனக்கு முன் அறை வேணுமா, பின் அறை வேணுமா?”

றஷ்மி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது.

“பின் அறை.”

“சரி. சன்னல் இருக்கிற அறை. அதுக்கு நான் நீலத் திரைச்சீலை வாங்கித் தைக்கிறன்.”

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்த செபஸ்தியனின் குரல் நடுவில் அறுந்தது. பிறகு அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

“கொன்ஸி, மருமகன் வந்து நிக்கிறார். றஷ்மியக் கூட்டிக்கொண்டு போக வந்தாராம்.”

பானையின் மேல் றஷ்மியின் கை நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் இல்லை.

கொன்ஸ்ரன்ஸ் எழும்பினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, அதை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

“நீ இங்கயே இரு பிள்ளை,” என்றுவிட்டு, முன்வாசலுக்கு நடந்தாள்.